திரும்பாத பந்தும் திருத்திக்கொண்ட கையும்

அனில் கும்ப்ளே மீது 18 ஆண்டுகளாக ஒரே புகார்தான்: பந்து திரும்பாது. 1990 ஆகஸ்டில் ஓல்ட் டிராஃபோர்டில் மூக்குக்கண்ணாடியோடு முதல் டெஸ்ட் ஆடியபோது சொன்னதையே, 2008 நவம்பரில் டெல்லியில் அவர் விடைபெற்றபோதும் சொன்னவர்கள் உண்டு. இடையில் 132 டெஸ்ட், 619 விக்கெட். புகார் பொய் என்று வாதாட வரவில்லை. ஷேன் வார்னின் பந்து திரும்பிய அளவுக்குக் கும்ப்ளேயின் பந்து கடைசிவரை திரும்பவே இல்லை. திரும்பாத பந்தை வைத்துக்கொண்டு அவர் என்னென்ன கற்றுக்கொண்டார் என்பதுதான் அலச வேண்டிய சங்கதி.

'வளர்ச்சி மனப்பான்மை' என்ற பேச்சு பெங்களூரில் கொஞ்சம் அதிகமாகவே புழங்குகிறது. மென்பொருள் நிறுவனங்களின் பயிற்சி வகுப்பு தொடங்கி பள்ளி ஆண்டுவிழா மேடை வரை வந்துவிட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் கேரல் ட்வெக் 2006-இல் எழுதிய 'மைண்ட்செட்' நூலால் பரவிய கருத்து இது. திறமை என்பது பிறக்கும்போதே அளந்து கொடுத்துவிட்ட சரக்கு அல்ல, வளர்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. மேடைக்கு வரும்போது அது 'மனசு வைத்தால் எல்லாம் முடியும்' என்று சுருங்கிவிடுகிறது. உதாரணத்துக்கு உள்ளூர்க்காரர் கும்ப்ளேயையே இழுப்பார்கள். 2002-இல் ஆன்டிகுவாவில் உடைந்த தாடையைத் துணியால் கட்டிக்கொண்டு 14 ஓவர் வீசி லாராவை வீழ்த்திய கதை வரும், கைதட்டலும் வரும்.

சிலிர்க்க வைக்கும் கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அது துணிச்சல். துணிச்சல் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். கற்றலைப் பார்க்க வேண்டுமானால் அவர் போன இரண்டு ஆஸ்திரேலியப் பயணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1999 பிப்ரவரி 7. டெல்லி கோட்லாவில் பாகிஸ்தானின் இரண்டாவது இன்னிங்ஸில் பத்து விக்கெட்டும் கும்ப்ளேக்கு, 74 ரன் கொடுத்து. ஜிம் லேக்கருக்குப் பிறகு டெஸ்டில் அதை முதலில் செய்தவர் அவர்தான். அப்போது வயது 28. 'நமக்குத் தெரிந்தது இதுதான், இதுவே போதும்' என்று ஒரு பந்துவீச்சாளர் நிம்மதியாக உட்கார்ந்துவிட அதைவிட நல்ல நாள் கிடைக்காது. அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியா போனார். மூன்று டெஸ்டில் கிடைத்தது மொத்தம் 5 விக்கெட். சராசரி 90.

காரணம் எளிது. உயரமான ஆள், காதை ஒட்டி வரும் கை, மிதவேகக்காரர்களைத் தொடும் வேகம். நம்மூர்த் தேய்ந்த ஆடுகளத்தில் அந்தப் பந்து ஒன்று தாழ்ந்து சறுக்கும், ஒன்று திடீரென்று எகிறும். எது வரும் என்று தெரியாமல் மட்டையாளர் காலை நீட்டி எல்பிடபிள்யூ ஆவார். ஆஸ்திரேலிய ஆடுகளம் அப்படி ஏமாற்றாது. சீரான எழுச்சி. மட்டையாளர் பின்காலில் நின்று, உள்ளே வரும் மிதவேகப் பந்தாக நினைத்துக்கொண்டு சாவதானமாக ஆடிவிடலாம். கூக்ளியும் ஏறக்குறைய அதே வேகத்தில் வந்ததால் அதற்கென்று தனியாகப் பயப்பட வேண்டியிருக்கவில்லை.

அடுத்து வந்தது அதைவிடக் கொடுமை. தோள்பட்டையில் அறுவை சிகிச்சை. 2001-இல் ஆஸ்திரேலியா இந்தியா வந்தபோது அவர் அணியில் இல்லை. அந்த மூன்று டெஸ்டில் 32 விக்கெட் எடுத்து ஹர்பஜன் சிங் இடத்தைப் பிடித்துக்கொண்டார். 2003 உலகக் கோப்பை இறுதிப் போட்டியிலும் கும்ப்ளேக்கு இடமில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் பிரிஸ்பேன் முதல் டெஸ்டிலும் ஹர்பஜன்தான் ஆடினார். அவருடைய விரல் மக்கர் பண்ணியதால் அடிலெய்டில் கும்ப்ளேக்கு வாய்ப்பு கிடைத்தது. முதல் நாள் முடிவில் ஆஸ்திரேலியா 5 விக்கெட்டுக்கு 400. பழைய கதைதான் என்று தொலைக்காட்சியை அணைத்தவர்கள் நிறையப் பேர். ஆஸ்திரேலியா 556-இல் முடிந்தபோது கும்ப்ளே கணக்கில் 154-க்கு 5.

மெல்போர்னில் 176-க்கு 6. சிட்னியில் 141-க்கு 8, பிறகு 138-க்கு 4. மூன்று டெஸ்டில் 24 விக்கெட். சராசரி 30-க்குள். நாலு வருஷத்துக்கு முன் 90 வைத்திருந்த அதே ஆள், அதே நாடு.

எது மாறியது? லெக் பிரேக் பெரிதாக மாறவில்லை. வார்னைப் பார்த்துக் காப்பியடிக்கவும் இல்லை. கூக்ளிதான் மாறியது. வேகமாக வரும் பழைய கூக்ளியோடு, மெதுவாக, மேலே தூக்கி வீசும் இன்னொரு கூக்ளியைச் சேர்த்துக்கொண்டார். பின்காலில் காத்திருந்தவர்கள் இப்போது முன்னே வரலாமா வேண்டாமா என்று அரை வினாடி தடுமாறினார்கள். அந்த அரை வினாடிதான் விக்கெட். எதிரியாக இருந்த எழுச்சியும் இப்போது அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. தன் கடைசி டெஸ்டில் 80 அடித்திருந்த ஸ்டீவ் வா, கும்ப்ளேயைத் தூக்கி அடித்து எல்லைக்கோட்டருகே டெண்டுல்கரிடம் பிடி கொடுத்துப் போனார்.

நான் கவனிக்கச் சொல்வது, அவர் எதைத் தொடவில்லை என்பதை. மணிக்கட்டையே மாற்றிப் பெருஞ்சுழல் வீசுபவராக ஆக முயன்றிருந்தால் இருந்ததும் போயிருக்கும். 'எதை வேண்டுமானாலும் கற்கலாம்' என்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். தன்னிடம் இருப்பது எது, மாற்றத்தக்கது எது என்று பிரித்துப் பார்ப்பதற்கும் ஒரு படிப்பு வேண்டும். ஆர்.வி. கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்தவருக்கு அது கைவந்தது என்று சொன்னால் பொறியாளர்கள் மகிழ்வார்கள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

ஊருக்கும் பங்குண்டு. இளம்பிள்ளைவாதத்தில் மெலிந்த வலது கையாலேயே வேகமான சுழல் வீசி 58 டெஸ்டில் 242 விக்கெட் எடுத்த பி.எஸ். சந்திரசேகர் ஆடிய ஊர் இது. பொறியியல் பட்டத்துக்காக டெஸ்ட் கிரிக்கெட்டையே சில ஆண்டுகள் ஒத்திவைத்துவிட்டுத் திரும்பி வந்த எரப்பள்ளி பிரசன்னாவும் இங்கிருந்து போனவர்தான். புத்தகத்தில் இல்லாத மாதிரி பந்து வீசும் பையனைச் சிரித்து விரட்டாத ஊர். கும்ப்ளேயே மிதவேகப் பந்துவீச்சாளராகத் தொடங்கியவர். கை மடங்குகிறது என்று சந்தேகம் கிளம்பியபோது, லெக் ஸ்பின் போட்டுப் பார் என்று சொன்னவர் அண்ணன்.

இது வெறும் ஊர்ப்பெருமை இல்லை. 2019-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு ஒன்று, அமெரிக்காவில் 12,000-க்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு வளர்ச்சி மனப்பான்மையைப் பற்றி ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தது. படிப்பில் பின்தங்கியவர்களின் கிரேடு சராசரி உயர்ந்தது, ஆனால் 0.1 புள்ளி அளவுக்குத்தான். கூட இருக்கும் மாணவர்கள் சவாலான பாடத்தை விரும்பும் பள்ளிகளில்தான் பலன் நன்றாகத் தெரிந்தது. சுற்றம் சரியில்லாத இடத்தில் மனப்பான்மை மட்டும் தனியாக என்ன செய்யும்?

ராகுல் டிராவிட் கதையும் இதே ஊரில், இதே காலத்தில் நடந்ததுதான். மெதுவாக ஆடுகிறார் என்று 1998-இல் ஒருநாள் அணியிலிருந்து நீக்கப்பட்டவர், 1999 உலகக் கோப்பையில் 461 ரன்னோடு எல்லோருக்கும் மேலே நின்றார். 2003 நவம்பரில் ஐதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராக 22 பந்தில் அரைசதம். அதற்காக அவர் சேவாக் ஆகிவிடவில்லை.

ஏப்ரல் வந்தால் சின்னசாமி மைதானத்தைச் சுற்றியும் ஊரின் நாலா பக்கத்திலும் கோடை முகாம்கள் நிரம்பும். 'சார், பையனுக்கு டேலண்ட் இருக்கா?' என்று முதல் வாரத்திலேயே பயிற்சியாளரைப் பிடித்துக்கொள்ளும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கேள்வியை இரண்டு சீசன் தள்ளிப்போடுங்கள். அதுவரை, போன மாதம் போட முடியாத எந்தப் பந்தை இந்த மாதம் போடுகிறான் என்று கேளுங்கள். பயிற்சியாளருக்குப் பதில் தெரியவில்லையென்றால் பையனை மாற்ற வேண்டாம், முகாமை மாற்றுங்கள்.