காக்கா எச்சத்துக்கு மெழுகு தாங்குமா?

கார் சாமான் விற்கும் கடையில் எந்த வாக்ஸ் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாலும் அது தடுக்கும் எதிரிகளின் பட்டியல் ஒன்று இருக்கும். வெயில், அமில மழை, மரப்பிசின், பறவை எச்சம். முதல் மூன்றையும் வீட்டில் வைத்துச் சோதிப்பது கஷ்டம். நான்காவது, சென்னையில் மரத்தடியில் வண்டி நிறுத்துகிறவர்களுக்குத் தினமும் இலவசமாகக் கிடைக்கிறது. எங்கள் தெருவில் புங்கையும் தூங்குமூஞ்சியும் போக ஒரு பெரிய நாவல் மரமும் உண்டு. அது பழுக்கும் காலத்தில் பகலில் மைனா, குயில், இரவில் பழந்தின்னி வௌவால் என்று முறை போட்டுக்கொண்டு வந்து போனட்டை ஊதாவாக்கிவிட்டுப் போகின்றன. சோதனைக்கு இதைவிட நல்ல இடம் எது?

கடையில் எளிதாகக் கிடைக்கும் மூன்று வகைகளை எடுத்துக்கொண்டேன். டப்பாவில் வரும் கார்னாபா மெழுகு, புட்டியில் வரும் செயற்கை பாலிமர் சீலன்ட், அடித்துத் துடைக்கிற செராமிக் ஸ்பிரே. பிராண்டு பெயர்களைச் சொல்லப்போவதில்லை. ஒரே வகைக்குள் பிராண்டுக்குப் பிராண்டு இருக்கும் வித்தியாசத்தைவிட வகைக்கு வகை இருக்கும் வித்தியாசம் பெரிது. வாங்குகிறவருக்குத் தெரியவேண்டியதும் அதுதான்.

முதலில், எச்சம் பெயின்ட்டை என்ன செய்கிறது? காரில் நம் கைக்குத் தட்டுப்படுவது நிறமற்ற கிளியர் கோட். பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் தடிமன். ஒரு தலைமுடிகூட அதைவிடப் பருமன். எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். அது தண்ணீரில் லேசில் கரையாது. நடுவில் கரும்பச்சையாகக் கிடப்பது மலம். செரிமான என்சைம்களின் மிச்சம் அதில் இருக்கும். அமிலம் அரித்துவிட்டது என்றுதான் டிங்கரிங் கடைக்காரர் முதல் ஷோரூம் ஆள் வரை சொல்வார்கள். அது பாதிக் கதை. தெஹ்ரானின் அமீர்கபீர் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை நோண்டிப் பார்த்து, கிளியர் கோட்டின் எஸ்டர் பிணைப்புகளை அந்த என்சைம்களே உடைக்கின்றன என்று காட்டினார்கள். ஆய்வகத்தில் பறவை எச்சத்துக்குப் பதிலாக அவர்கள் வைத்தது பான்கிரியாட்டின். மருந்துக்கடையில் செரிமான மாத்திரையாக விற்கும் அதே என்சைம் கலவை!

இன்னொரு பாதிக் கதை வெயில். கார் பராமரிப்புப் பொருள்கள் செய்யும் பிரிட்டனின் ஆட்டோகிளிம் நிறுவனம் அழுத்திச் சொல்லும் விஷயம் இது. சூட்டில் கிளியர் கோட் இளகி விரிகிறது. குளிரும்போது சுருங்கி இறுகுகிறது. நடுவில் காய்ந்து கட்டிதட்டிப்போன எச்சத்தின் மேடுபள்ளத்தை அப்படியே அச்சு எடுத்துக்கொள்கிறது. துடைத்த பிறகும் மங்கலாகத் தெரிகிற வட்டம் அந்த அச்சுதான். அதனால்தான் எவ்வளவு ஷாம்பூ போட்டுத் தேய்த்தாலும் போவதில்லை.

இப்போது மெழுகுக்கு வருவோம். நீங்கள் எவ்வளவு தாராளமாகப் பூசினாலும், துடைத்த பின் தங்குவது ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அந்தப் படலம் அமிலத்தையும் என்சைமையும் கொஞ்ச நேரம் தள்ளி நிறுத்தலாம். வெப்பத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

சோதனை செய்தது ஒரு அடர்நீல செடானின் போனட்டில். வெள்ளை, சில்வர் வண்டியில் தழும்பு கண்ணுக்கே தெரியாது. அந்த நிற வண்டிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். போனட்டைக் கழுவி, கிளே பார் போட்டு உருவி, பழைய பாலிஷின் எண்ணெய்ப் பசை போக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மாஸ்கிங் டேப் ஒட்டி நான்கு கட்டமாகப் பிரித்தேன். மூன்றில் மேலே சொன்ன மூன்றும். நான்காவது வெறும் பெயின்ட்.

காக்கை டேப்பைப் பார்த்துப் போடாது. ஆகவே பால்கனியில் ஏசி அவுட்டோர் யூனிட்டின் மேல் குடித்தனம் நடத்தும் புறாக்களிடமிருந்து சரக்கு எடுத்தேன். கையுறையும் மாஸ்க்கும் போட்டுத்தான். புறா எச்சத்தூளிலிருந்து நுரையீரலுக்குப் பூஞ்சைத் தொற்று வரும், விளையாட்டில்லை. துளித் தண்ணீர் விட்டுக் குழைத்து, நான்கு கட்டத்திலும் ஒரே அளவு. ஸ்பூன் அன்றே குப்பைக்குப் போய்விட்டது.

நிழலில் சில மணி நேரம் வைத்து எடுத்தபோது பெரிய வித்தியாசம் இல்லை. வெறும் பெயின்ட்டில் லேசான மஞ்சள் நிழல் இருந்தது, ஷாம்பூவில் போய்விட்டது. காலையில் வைத்துப் பிற்பகல் வரை வெயிலில் விட்டதில்தான் கட்டங்கள் பிரிந்தன. மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். வெறும் பெயின்ட்டில் தேசப்படத்தில் வரைந்த தீவு மாதிரி ஒரு விளிம்பு, உள்ளே பளபளப்பு செத்துக் கிடந்தது. கார்னாபா கட்டத்தில் விளிம்பு இருந்தது, ஆனால் துண்டு துண்டாக. சீலன்ட் கட்டத்தில் எங்கே வைத்தோம் என்று தெரிந்தவர் தேடினால்தான் கிடைக்கும். செராமிக் ஸ்பிரே சீலன்ட்டுக்குச் சமம். நேர் வெளிச்சத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்து, வார இறுதி முழுக்க அப்படியே விட்டுப் பார்த்தேன். நான்கிலும் தழும்பு விழுந்தது. விலை உயர்ந்தது, குறைந்தது என்ற பேதமே இல்லை. டப்பாவின் பின்பக்கத்து வாசகம் சொல்லாமல் விடுவது இதைத்தான். இவை எதுவும் தடுப்புச் சுவர் கிடையாது. கொஞ்சம் அவகாசம் வாங்கித் தருகின்றன, அவ்வளவே. கத்திரி வெயிலில் அந்த அவகாசத்தைச் சில மணி நேரம் என்றுதான் கணக்கு வைத்துக்கொள்ளவேண்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். எச்சம் இருந்த இடத்தைத் துடைத்துவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால், சுற்றிலும் முத்து முத்தாக உருளும் தண்ணீர் அந்த ஒரு வட்டத்தில் மட்டும் தட்டையாகப் பரவுகிறது. மெழுகையும் சேர்த்துத் தின்றுவிட்டுத்தான் எச்சம் போயிருக்கிறது. அந்த இடத்தில் மறுபடி பூசாவிட்டால், அடுத்த முறை விழும்போது அது வெறும் பெயின்ட்தான். முழு போனட்டையும் செய்யவேண்டாம், கையளவு இடத்துக்கு ஒரு சொட்டு போதும்.

பாதுகாப்பைவிடப் பெரிய லாபம் துடைப்பதில் இருக்கிறது. அதிகாலையில் வண்டி துடைக்க வருகிற அண்ணனிடம் எந்தக் கட்டத்தில் என்ன பூசியிருக்கிறது என்று சொல்லவில்லை. மூன்றாம் தரப்புச் சான்றிதழ் தானாகவே வந்தது. "சார், டிரைவர் பக்கம் முன்னாடி என்னமோ போட்டிருக்கீங்க. தண்ணி ஊத்துனதுமே வழுக்கிட்டுப் போவுது. இந்தாண்ட மட்டும் பொறுக்கு மாதிரி புடிச்சுக்குது, சொரண்ட வேண்டியிருக்கு." அவர் வழுக்குகிறது என்றது சீலன்ட் கட்டத்தை. சுரண்டவேண்டியிருந்தது எதுவும் பூசாததை.

அந்தச் சுரண்டலில்தான் பெயின்ட் இரண்டாவது தடவை அடி வாங்குகிறது. தானியம் தின்னும் புறா இரைப்பையில் அரைப்பதற்குச் சிறு கற்களை விழுங்கும்; அந்த மணல் எச்சத்திலும் வரும். காய்ந்ததை உலர்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் உப்புத்தாள் போட்ட கதைதான். ஈரத் துணியையோ டிஷ்யூவையோ தண்ணீரில் நன்றாக நனைத்து அதன் மேல் போர்த்தி, ஒரு டீ குடிக்கிற நேரம் ஊறவிட்டு, தேய்க்காமல் அள்ளி எடுக்கவேண்டும். கொதிக்கிற போனட்டில் துணி சீக்கிரம் உலரும். இன்னொரு முறை நனைக்கவேண்டியிருக்கும். மெழுகோ சீலன்ட்டோ இருந்தால் இந்த ஊறல் நேரம் பாதியாகிறது.

எத்தனை நாள் நிற்கிறது? கார்னாபா இங்கேதான் தோற்கிறது. வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுக்கும் இந்த மெழுகு தனியாக 82 முதல் 86 டிகிரி செல்சியஸில்தான் உருகும். ஆனால் டப்பாவில் இருப்பது சுத்தக் கார்னாபா இல்லை. கையால் பூச வரவேண்டுமே என்று எண்ணெயும் மென்மையான மெழுகுகளும் கலந்திருக்கும். அவை முன்னாடியே இளகிவிடும். மே மாதத்து மதியத்தில் அடர்நிற போனட் 70 டிகிரியைத் தொடக்கூடும். சில வாரத்திலேயே என் கார்னாபா கட்டத்தில் தண்ணீர் உருள்வது நின்றுவிட்டது. சீலன்ட்டும் ஸ்பிரேயும் கோடை தாண்டியும் உருட்டிக்கொண்டிருந்தன. கார்னாபாவின் பளபளப்பு ஆழமானது, பூசிய அன்று மாலை பார்க்க அழகாக இருக்கும், மறுக்கவில்லை. கல்யாணத்துக்கு வண்டி எடுக்கிறீர்களா, அதைப் பூசுங்கள்.

தண்ணீர் உருள்வதையே பாதுகாப்பு என்று நினைத்துவிடவும் கூடாது. போர்வெல் தண்ணீரில் கழுவி அப்படியே விட்டால், உருண்ட ஒவ்வொரு முத்தும் காய்ந்து ஒரு உப்பு வட்டத்தை விட்டுப்போகும். கழுவினால் உடனே துடைத்தாகவேண்டும். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் வேண்டாம். பூசியதை அதுவே எடுத்துவிடும்.

டீட்டெய்லிங் கடைக்காரர்கள் இந்த இடத்தில் செராமிக் கோட்டிங் பக்கம் திருப்புவார்கள். சில மைக்ரான் தடிமன், வருடக்கணக்கில் நிற்கும், ரசாயனத்தை மெழுகைவிட நன்றாகத் தாங்கும், எல்லாம் உண்மை. ஆனால் எச்சத்துக்காக மட்டும் பல ஆயிரம் ரூபாய் போடுவது வீண். அச்சு விழுவது வெப்பத்தால் என்றால் சில மைக்ரான் எம்மாத்திரம்? உத்தரவாத அட்டையின் பொடி எழுத்தையும் ஒரு முறை வாசித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். பறவை எச்சத்தை விலக்கி வைத்திருக்கும் அட்டைகள் உண்டு. தழும்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டு பெயின்ட்டை நிஜமாகவே காப்பாற்றுவது 150 மைக்ரானுக்கு மேல் தடிமன் உள்ள பிபிஎஃப் எனும் பெயின்ட் புரொடெக்ஷன் ஃபிலிம்தான். அதன் விலை வேறு உலகம்.

ஒரு எச்சரிக்கை, பஸ் உரசி ஒரு கதவை மட்டும் மறுபடி பெயின்ட் அடித்தவர்களுக்கு. தொழிற்சாலையில் கிளியர் கோட்டைச் சுமார் 140 டிகிரியில் சுடுவார்கள். பட்டறையில் 60 டிகிரி கிடைத்தாலே அதிகம். பல இடத்தில் வெயில்தான் அடுப்பு. அந்தக் கதவு முழுதாக இறுக வாரங்கள் ஆகும். அதுவரை மெழுகு பூசவும் கூடாது, எச்சம் விழுந்தால் மற்ற இடத்தைவிட வேகமாகவும் பதியும்.

விழுந்துவிட்ட தழும்பை பாலிஷ் போட்டு எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டில் சில மைக்ரான் போகும். இருப்பதே ஐம்பதுக்குள் என்பதால் எல்லாத் தழும்புக்கும் மெஷினைத் தூக்காதீர்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாததை விட்டுவிடுங்கள்.

வாங்குவதானால் என் ஓட்டு பாலிமர் சீலன்ட்டுக்கு. மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை, நிழலில், மெல்லிசாக. செராமிக் ஸ்பிரே அதே அளவு நல்லது, பூசுவது இன்னும் சுலபம்; விலை கட்டுப்படியானால் எடுங்கள். எதை வாங்கினாலும் டிக்கியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் கிடக்கட்டும். பார்த்த உடனே எடுத்தால் பெரும்பாலும் தழும்பே விழாது. ஒரு புட்டி சீலன்ட் சாதாரண ஹேட்ச்பேக்குக்குப் பல தடவை வரும். பக்கத்து வீட்டுக்காரரோடு பங்கு போட்டு வாங்கினாலும் மிச்சம் இருக்கும்.