நிழல் ஏறிய படிக்கட்டு: நோஸ்ஃபெராத்து படத்தை முதன்முறை பார்த்து

எழுபது வயதைத் தாண்டிய பிறகு ஒரு பேய்ப் படத்தை உட்கார்ந்து பார்த்து, அதைப் பற்றி மலருக்குக் கட்டுரையும் எழுதுகிறேன் என்றால் சங்கத்து நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மழை விடாமல் பெய்து மும்பை முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஒரு நாளில் என் பேரன், "சினிமாவைப் பத்தி இவ்வளவு பேசறீங்களே தாத்தா, நோஸ்ஃபெராத்து பாத்ததில்லையா?" என்று கேட்டுவிட்டான். பார்த்ததில்லை. எங்கள் தலைமுறைக்கு இரத்தக் காட்டேரி என்றால் 1958இல் வந்த ஆங்கிலப் படத்தின் கிறிஸ்டோபர் லீதான். கறுப்பு அங்கி, சிவந்த கண், கோரைப்பல், ஆள் மட்டும் ராஜா மாதிரி இருப்பார்.

நோஸ்ஃபெராத்து அதற்கும் முந்தியது. 1922இல் ஜெர்மனியில் வெளிவந்த மௌனப் படம். இயக்கியவர் எஃப். டபிள்யூ. முர்னாவ். பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய டிராகுலா நாவலை அனுமதி வாங்காமல் எடுத்துக்கொண்டு பெயர்களை மாற்றிவிட்டார்கள். டிராகுலா பிரபு, ஓர்லோக் பிரபு ஆனார். லண்டனுக்குப் பதிலாக விஸ்போர்க் என்று ஒரு கற்பனைத் துறைமுக ஊர். ஸ்டோக்கரின் மனைவி சும்மா விடவில்லை. படத்தை எடுத்த கம்பெனி அதற்குள் திவாலாகிப் போயிருந்ததால் பணம் பெயரவில்லை. பிரதிகளை எல்லாம் அழித்துவிட வேண்டும் என்று 1925இல் தீர்ப்பு வந்தது. அப்படியும் சில பிரதிகள் பிற நாடுகளில் தப்பிக் கிடந்தன. நாம் பார்ப்பது அவற்றின் புண்ணியத்தில்.

முதல் தடவை எனக்குப் படம் பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பேரனிடம் இருந்தது யாரோ மலிவாக வெளியிட்ட பழைய டிஸ்க், வெறும் கறுப்பு வெள்ளை. கோட்டைக்குப் போகும் குதிரை வண்டி, சாப்ளின் படத்தில் வருவது போல விலுக் விலுக்கென்று ஓடியது. ஓநாய் மனிதன் உலவுகிறான் என்று சத்திரத்து ஜனங்கள் நடுங்க, திரையில் வந்து நின்றது ஒரு கழுதைப்புலி! நாயகன் ஹட்டர் எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டிச் சிரிக்கிறான். ஓர்லோக்காக வரும் மாக்ஸ் ஷ்ரெக்கைப் பார்த்து என் மனைவி, "இவனா பேய்? பாவம், ரத்தசோகை பிடிச்சவன் மாதிரி இருக்கான்" என்றாள். மொட்டைத் தலை, கூர்மையான காது, எலியைப் போல முன்னால் நீண்ட இரண்டு பல், நீள நீளமான நகம். லீயின் ராஜகளை எங்கே, இது எங்கே.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உறுத்தியது. ஊருக்கு வந்து சேர்ந்த ஓர்லோக், தன் சவப்பெட்டியைத் தானே கையில் இடுக்கிக்கொண்டு பட்டப்பகலில் தெருவில் நடந்து போகிறான். ஆனால் முடிவில் அதே ஓர்லோக் காலை வெயில் பட்டுப் புகையாக மறைகிறான். இது என்ன நியாயம்? கதையில் ஓட்டை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நான் தூங்கப் போய்விட்டேன்.

ஓட்டை என் பார்வையில்தான் இருந்தது. அந்தக் காலத்துப் படச்சுருளில் இருட்டில் படம் பிடிப்பது கடினம். ஆகவே இரவுக் காட்சிகளையும் பகலில் எடுத்துவிட்டு, அந்தப் பகுதிச் சுருளை நீலச் சாயத்தில் நனைத்துவிடுவார்கள். நீலம் என்றால் இரவு. விளக்கு எரியும் அறைக்கு மஞ்சள், விடியலுக்கு இளஞ்சிவப்பு. அன்றைய ரசிகனுக்கு இது மனப்பாடம். பின்னாளில் எடுத்த பிரதிகளில் சாயம் போய்விட்டதால் இரவெல்லாம் பகலாகிவிட்டது. முர்னாவ் பெயரிலுள்ள ஜெர்மன் அறக்கட்டளை இந்தச் சாயங்களோடு செப்பனிட்ட பிரதி 2006இல் வெளிவந்தது. அடுத்த வாரம் பேரன் அதைத் தேடிப் பிடித்துப் போட்டான். அதே தெரு, அதே சவப்பெட்டி, இப்போது நீலத்தில். நான் சிரிக்கவில்லை. வெயில் பட்டால் காட்டேரி அழியும் என்ற கருத்தே இந்தப் படம் தொடங்கிவைத்ததுதான். ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுகிறான். அப்படியிருக்க, நிறத்தைக் கழித்துவிட்டால் படத்தின் முதுகெலும்பையே உருவிய மாதிரி.

இரண்டாம் முறை பார்த்தபோது கப்பல் காட்சிகள் என்னை உலுக்கிவிட்டன. மாலுமிகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அடித்தளத்தில் பெட்டி திறந்து, ஓர்லோக் முழங்காலை மடக்காமல் ஒரு பலகையை நிமிர்த்துகிற மாதிரி எழுகிறான். கேப்டன் தன்னைத்தானே சுக்கானோடு கட்டிக்கொள்கிறார். பிறகு ஆளே இல்லாத கப்பல் சத்தமில்லாமல் துறைமுகத்துக்குள் நழுவி வருகிறது. இதில் தந்திரக் காட்சி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நிஜக் கடல், நிஜக் கப்பல், நிஜமான பழைய வீடுகள். வடஜெர்மனியின் விஸ்மார், லியூபெக் போன்ற ஊர்களுக்கே போய் எடுத்திருக்கிறார்கள். செட்டுக்குள் எடுத்திருந்தால் இந்தப் பயம் வந்திருக்காது.

இனி என்னைச் சங்கடப்படுத்திய விஷயத்துக்கு வருகிறேன். ஓர்லோக் யார்? கிழக்கிலிருந்து வரும் அந்நியன். வீட்டுத் தரகர் நாக் மூலமாக ஊருக்குள் வீடு வாங்குகிறான். சொந்த மண்ணைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருகிறான், அந்த மண் இல்லாமல் அவனுக்கு உறக்கமில்லை. பெட்டிகளிலிருந்து எலிகள் இறங்குகின்றன, எலிகளோடு கொள்ளைநோய். வளைந்த மூக்கும் எலிப் பல்லுமாக இருக்கும் இந்த உருவத்தில், அன்று ஐரோப்பாவில் யூதர்களைப் பற்றி வரையப்பட்ட கேலிச்சித்திரங்களின் சாயல் இருப்பதை விமர்சகர்கள் பலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். 1940இல் நாஜிகள் எடுத்த பிரச்சாரப் படமொன்று யூதர்களை எலிக்கூட்டத்தோடு ஒப்பிட்டது. முர்னாவ் அந்த எண்ணத்தோடு எடுத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். கதையை எழுதிய ஹென்ரிக் காலீனும், தரகர் நாக்காக நடித்த அலெக்சாண்டர் கிரானாக்கும் யூதர்கள். ஹிட்லர் வந்த பிறகு இருவரும் நாட்டை விட்டுப் போக வேண்டியிருந்தது. ஆனால் திரையில் இருக்கும் உருவம், எடுத்தவர் மனசைக் கேட்டுக்கொண்டா வேலை செய்கிறது?

1960களின் கடைசியில் டைப்ரைட்டிங் சர்டிபிகேட்டோடு பம்பாய்க்கு வந்தவன் நான். மதராஸி என்றால் அறை கிடையாது என்று கதவைச் சாத்தியவர்கள் உண்டு. ஊரிலிருந்து என் அம்மா கட்டிக்கொடுத்த டிரங்குப் பெட்டியை இறக்கும்போது எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஆகவே படம் பார்க்கும்போது ஒரு கட்டத்தில் ஹட்டரோடு சேர்ந்து பயப்படுவதை விட்டுவிட்டு, அந்தப் பெட்டிக்காரனின் பக்கம் போய் நின்றுவிட்டேன். விமர்சகன் இப்படிச் செய்யக்கூடாதுதான்.

படத்திலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. ஊரில் சாவு பெருகியதும் ஜனங்களுக்கு ஒரு குற்றவாளி வேண்டும். பைத்தியம் பிடித்த நாக்கைக் கூரை மேலும் வயல் வழியாகவும் துரத்துகிறார்கள். தூரத்தில் அவன்தான் நிற்கிறான் என்று பாய்ந்து பிய்த்து எறிந்தால், அது ஒரு சோளக்கொல்லை பொம்மை! அந்நியனை நோயாக்கிக் காட்டிய அதே படம், கும்பல் எப்படி ஆள் தெரியாமல் அடிக்கிறது என்பதையும் காட்டிவிடுகிறது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாததால்தான் அந்த வாரம் முழுக்க அதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முடிவில் ஊரைக் காப்பாற்றுகிறவள் ஹட்டரின் மனைவி எல்லன். நாவலில் ஆண்கள் கூட்டமாகப் போய் டிராகுலாவை வேட்டையாடுகிறார்கள். இங்கே பேராசிரியர் புல்வர் பூச்சி தின்னும் செடியைப் பற்றிப் பாடம் நடத்துவதோடு சரி. குற்றமற்ற ஒரு பெண் சேவல் கூவும்வரை காட்டேரியைத் தன்னிடம் இருத்தி வைத்தால் அவன் அழிவான் என்று புத்தகத்தில் படித்துவிட்டு, அவளே ஜன்னலைத் திறக்கிறாள். ஓர்லோக்கின் நிழல் மட்டும் படிக்கட்டில் ஏறி வருகிறது. அவன் கையின் நிழல் அவள் நெஞ்சில் படர்ந்து விரல்களை மூடுகிறது. விடிகிறது, அவன் போகிறான், அவளும் போகிறாள். தியாகம் என்றால் பெண் தலையில்தானா என்று எனக்குச் சலிப்பாக இருந்தது, நம் படங்களில் பார்க்காததா என்று.

அப்போதுதான் என் மனைவி கேட்டாள்: "அவ புருஷன் ரோட்டு வழியாத்தானே வர்றான்? இவ எதுக்குக் கடலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா?"

நானும் பேரனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கடலில் வந்துகொண்டிருந்தவன் ஓர்லோக். மறுபடி ஓட்டிப் பார்த்தோம். சிலுவைகள் நட்ட மணல்மேட்டில் எல்லன் உட்கார்ந்து அலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்கு முன்னால், கோட்டையில் ஹட்டரை நெருங்கும் ஓர்லோக், எத்தனையோ தொலைவில் அவள் தூக்கத்தில் எழுந்து கை நீட்டும்போது திரும்பிப் பார்க்கிறான். அவள் கூப்பிட்டது கணவனையா, அவனையா என்று படம் சொல்லவில்லை. "மொதல்லயே பாத்திருக்கலாம், நீங்க வேற கழுதைப்புலியப் பாத்து சிரிச்சிட்டிருந்தீங்க" என்று சொல்லிவிட்டு அவள் இட்லிக்கு அரிசி ஊறப்போட எழுந்து போனாள்.