லிங்கனின் ஓட்டு வேட்டை

ஸ்பீல்பெர்கின் 'லிங்கன்' (2012) உள்நாட்டுப் போர் படமாச்சே என்று பீரங்கிச் சத்தத்தை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாந்து போவீர்கள். இரண்டரை மணி நேரமும் பெரும்பாலும் பேச்சுதான். இருந்தும் அலுக்கவில்லை.

1865 ஜனவரி. போர் முடியும் தறுவாய். அடிமை முறையை ஒழிக்கும் 13-வது சட்டத்திருத்தம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். கைவசம் இல்லை. லிங்கனின் ஆட்கள் எதிர்க்கட்சிக்காரர்களுக்குப் பதவி ஆசை காட்டி வளைக்கிறார்கள். தெற்கிலிருந்து சமாதானத் தூதர்கள் வருவதை, பொய் சொல்லாமலே மறைக்கிறார் லிங்கன். கடைசியில் 119-க்கு 56. உத்தமர் என்று பாடப்புத்தகத்தில் படித்தவர் கொறடா வேலை பார்ப்பதை ஒளிக்காமல் காட்டியதற்கே ஒரு சபாஷ். கூன் முதுகும் மெல்லிய குரலுமாக வரும் டேனியல் டே லூயிஸுக்கு ஆஸ்கரைச் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை.

ஒரு குறை, பெரிய குறை. அடிமையாகப் பிறந்து, தப்பித்து, 1863-ல் வெள்ளை மாளிகைக்கே போய்க் கறுப்பு வீரர்களுக்குச் சம சம்பளம் கேட்ட பிரெடரிக் டக்ளஸ் படத்தில் இல்லவே இல்லை. வடக்கின் ராணுவத்தில் சுமார் 1,80,000 கறுப்பர்கள் இருந்தார்கள். படத்தில் முதல் காட்சியில் இரண்டு பேர் லிங்கனிடம் பேசுகிறார்கள். அப்புறம் கறுப்பர்கள் சபை மாடத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதோடு சரி. விடுதலை என்னவோ மேலேயிருந்து வழங்கப்பட்ட பிரசாதம் மாதிரி!

டக்ளஸ் 1845-ல் எழுதிய சுயசரிதை சின்னப் புத்தகம்தான். படம் பார்த்த கையோடு அதையும் படித்துவிடுங்கள். கணக்கு நேராகும்.