சூரியனுக்குள் பயணி இல்லை

சூரியனைப் பற்றி எழுதப்படும் அறிவியல் கட்டுரைகளில் ஒரு காட்சி பெரும்பாலும் வந்துவிடும். மையத்தில் பிறந்த ஒரு ஃபோட்டான், திருவிழாக் கூட்டத்தில் சிக்கிய பிள்ளை மாதிரி முட்டி மோதி, லட்சம் வருஷம் கழித்து வெளியே வந்து, எட்டே நிமிஷத்தில் நம் முற்றத்தில் விழுகிறதாம். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். பாராட்டும் கிடைத்தது. இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது.

லட்சம் வருஷத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஆற்றல் வெளியே கசிய அந்த அளவில் காலம் ஆகும்தான். அந்தப் பிள்ளையைத்தான் காணோம்.

மையம் 1.5 கோடி டிகிரி. அங்கே நிறைந்திருப்பது எக்ஸ்ரே. மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி. அங்கிருந்து கிளம்புவதில் கணிசமான பங்கு கண்ணுக்குத் தெரியும் ஒளி. இந்த அலைநீள மாற்றத்துக்கு, மோதி மோதிக் களைத்துப்போனது என்று ஒரு வரியில் காரணம் சொல்லிட்டுப் போயிடறோம். எலக்ட்ரானில் பட்டுச் சிதறும் எக்ஸ்ரேயின் அலைநீளம் கூடும் என்று 1923இல் காம்ப்டன் காட்டியது உண்மை. ஆனால் அவர் கணக்கில் எலக்ட்ரான் சும்மா நிற்கிறது. சூரியனுக்குள் அது தலைதெறிக்க ஓடுகிறது. அணுக்கருப் பிணைவில் பிறந்த காமாக் கதிர் சில நூறு மோதல்களுக்குள் தணிந்துவிடும், சரி. அதற்கப்புறம் எலக்ட்ரானுக்குக் கொடுப்பதும் அதனிடம் வாங்குவதும் ஏறக்குறையச் சமம். அதோடு, சிதறலில் ஒன்று உள்ளே போனால் ஒன்றுதான் வெளியே வரும். மையத்து எக்ஸ்ரே ஃபோட்டான் ஒன்றின் ஆற்றலையோ மேற்பரப்பில் 2,000க்கும் மேற்பட்டவை பங்கிட்டுக்கொள்கின்றன. இத்தனை பேர் எங்கிருந்து முளைத்தார்கள்? அயனிகளை ஒட்டிப் பாயும் எலக்ட்ரான்கள் ஒன்றை விழுங்குகின்றன, வேறொன்றை உமிழ்கின்றன. 2,000 ரூபாய் நோட்டு ஒற்றை ரூபாய்களாக மாறுகிற கதை இது. எந்த நாணயத்தைக் காட்டி அந்த நோட்டு இதுதான் என்பீர்கள்? கடைசி 2 லட்சம் கிலோமீட்டரில் ஆற்றலைச் சுமப்பது கொதித்துப் புரளும் வாயு. அங்கே ஃபோட்டான் கதாநாயகனே இல்லை.

1950இல் வெளிவந்த சந்திரசேகரின் 'ரேடியேட்டிவ் டிரான்ஸ்ஃபர்' நூலில் இந்தப் பயணி கிடையாது. ஒரு திசையில் பாயும் கதிரின் செறிவு வழியில் எவ்வளவு குறைகிறது, எவ்வளவு சேர்கிறது என்ற வரவுசெலவுதான் நூல் முழுக்க. நமக்கு அது வறட்சியாகப் படுகிறது. ஓர் ஆளின் வாழ்க்கை என்றால்தான் கதை என்று பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தைச் சூரியனுக்குள்ளும் தூக்கிக்கொண்டு போகிறோம்.

என் கட்டுரை நூலாகும்போது பிள்ளையை எடுத்துவிடுவேன். எட்டு நிமிஷம் மட்டும் இருக்கட்டும். மேற்பரப்பிலிருந்து பூமிவரை வருவது ஒரே ஃபோட்டான்தான்.