கவுந்தியடிகளின் மதுரைச் செலவு

சிலப்பதிகாரம் பயில்வோர் பலர் கவுந்தியடிகளைக் கோவலன், கண்ணகிக்கு வழித்துணையாக வந்தவர் என்ற அளவிலேயே கொள்வர். தவமுதியார் உடன் சென்றும் கோவலன் மாண்டதேன் என மாணவர் வினவுவதும் உண்டு. அடிகள் மேற்கொண்டது சமணர்தம் தலப்பயணம் என உணரின் இவ்வையம் நீங்கும்.

மாசற்ற கேள்வியர்பால் அறம் கேட்கவும், அருகனை ஏத்தவும் மதுரை செல்லும் விருப்பம் தமக்கு உண்டென்று நாடுகாண் காதையில் அடிகளே கூறுகின்றார். வழித்துணையாதல் அதனோடு சேர்ந்ததே.

‘தீர்த்தம்’ என்பது ஆற்றைக் கடக்கும் துறை. பிறவியாற்றைக் கடக்கத் துறை வகுத்தவர் தீர்த்தங்கரர். அவர் 24 பேருள் 20 பேர் வீடுபெற்ற சம்மேதசிகரமும், நேமிநாதர் வீடுபெற்ற கிர்நாரும், மகாவீரர் வீடுபெற்ற பாவாபுரியும் சமணர்க்குத் தலங்களாயின. வீடுபெற்றோர் வரம் தருவதில்லை, வினையைத் தடுப்பதுமில்லை. அவர் நடந்த நெறியில் நம்மையும் நிற்கத் தூண்டுவதே தலத்தின் பயன்.

அரங்கத்துச் சோலையில் சாரணர் உணர்த்தியதும், வினை தன் பயனை ஊட்டியே தீரும் என்பதே. ஆதலின் கோவலன் இறப்பு அடிகளின் தவத்திற்கு இழுக்காகாது. அச்செய்தி கேட்ட அடிகளும் தெய்வத்தை நோகவில்லை. அவர்தம் வினையை எண்ணி வருந்தி, உண்ணாநோன்பால் உயிர் நீத்தார்.

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தமையைப் பழங் கல்வெட்டொன்று கூறும். கல் தன்னளவில் கல்லே; நோற்றாரால் அது தலமாயிற்று. கவுந்தியடிகளின் செலவையும் இந்நோக்கில் கற்பித்தலே பொருந்தும்.