யார் வீட்டில் முதுமை?

முதியவர்கள் பழகிய வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கடைசிவரை வாழ வேண்டும் என்பதை மறுப்பார் இல்லை. 2030இல் மலேசியரில் 15 விழுக்காட்டினர் 60 வயதைத் தாண்டியிருப்பார்கள் என்பது கணிப்பு. அத்தனை பேரையும் முதியோர் இல்லங்களில் சேர்ப்பது ஆகிற காரியமல்ல. ஆனால் பேராக் மாநிலத்தின் பாகான் செராய் வட்டாரத் தோட்டப்புறத் தமிழர் விஷயத்தில் இந்த நோக்கம் தொடக்கத்திலேயே இடறுகிறது. லயத்து வீடு தோட்ட நிர்வாகத்தின் சொத்து. வேலை நின்றால் வீடும் கைவிட்டுப் போகும். 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் தொழிலாளர் குடியிருப்பின் தரத்தை வரையறுத்தது. ஆனால் ஓய்வுக்குப் பின் அங்கேயே தங்கும் உரிமையைத் தரவில்லை.

"அந்தக் காலத்தில் தோட்டமே கிழவர்களைப் பார்த்துக்கொண்டது" என்பார்கள். பாதி உண்மை. கோயிலும் ஒரே வரிசையில் வீடுகளும் இருந்ததால் யார் படுத்துவிட்டார் என்பது உடனே தெரிந்தது. ஆனால் அந்த நெருக்கத்தைக் கட்டிவைத்திருந்தது வேலை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு இளையோர் பினாங்குக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் போனதும் அது கலைந்தது. எனவே பழையதைத் திரும்பக் கொண்டுவருவது தீர்வாகாது.

இன்றைய ஏற்பாடுகளை ஒரே அளவுகோலால் அளந்து பார்க்கலாம்: படி இறங்க முடியாதவரை அவை எட்டுகின்றனவா?

நாடாளுமன்றத் தொகுதிக்கு ஒரு மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையம் என்பது அரசின் இலக்கு. பாகான் செராய்த் தொகுதியோ அலோர் பொங்சு, குனோங் செமாங்கோல், செலின்சிங் என மூன்று சட்டமன்றத் தொகுதிகளாக விரிகிறது. மையத்துக்கு வருபவர் நடக்க முடிந்தவர், ஏற்றிவர ஆள் உள்ளவர். அவருக்கு அது நன்மைதான். மற்றவருக்கு அது வெறும் கட்டடம்.

சமூக நல இலாகாவின் முதியோர் உதவித்தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 500 ரிங்கிட்டிலிருந்து 600 ஆனது. அது இன்றியமையாதது. ஆனால் பணம் மருந்து வாங்கும். அதை வேளாவேளைக்கு எடுத்துக் கொடுக்காது. அரசுக் கிளினிக் தாதியர் வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவை உண்டு. அதுவும் நோயாளியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் இருப்பதை எதிர்பார்க்கிறது. தனியாக இருப்பவர் அங்கேயே விடுபடுகிறார்.

இந்த ஓட்டையை அடைத்த முன்மாதிரி கேரளத்தில் இருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புச் சங்கத்தின் அனுபவத்திலிருந்து, மலப்புறத்தில் அக்கம்பக்கத்தார் வலையமைப்பு வளர்ந்தது. வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கத் தயாரானவர்கள் பயிற்சி பெற்று நோயாளிகளைப் பார்க்க வீடு வீடாகப் போனார்கள். 2008இல் மாநிலக் கொள்கை உள்ளாட்சிகளையும் இதில் இணைத்தது. தொண்டர், சம்பளத் தாதி, ஊராட்சி நிதி ஆகிய மூன்றும் சேர்ந்ததே அதன் பலம்.

அதை அப்படியே பெயர்த்து நட முடியாது. கேரள ஊராட்சி வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டியது. மலேசியாவில் உள்ளாட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. மாவட்ட மன்றத்தைத் தட்டிக்கேட்க முதியவரிடம் வாக்குச்சீட்டு இல்லை. ஊரில் இளைஞரும் குறைவு. ஆனால் மையத்துக்கு வரும் அறுபதுகளின் தொடக்கத்தினர் இருக்கிறார்கள். எண்பதைத் தாண்டி வீட்டில் முடங்கியவரைப் போய்ப் பார்க்க அவர்களே பொருத்தமானவர்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது: உதவித்தொகை அடித்தளம்; மையம் பயனுள்ளது, ஆனால் போதாது; பயிற்சி பெற்றவர்களின் வீட்டுச் சந்திப்பே முக்கியத் தேவை. மையத்தின் வெற்றியை அதன் உறுப்பினர் எண்ணிக்கையால் இலாகா அளக்க வேண்டாம்; அந்த மாதம் அதன் உறுப்பினர்கள் போய்ப் பார்த்த வீடுகளை எண்ணட்டும். போக்குவரத்துச் செலவை அரசு தரட்டும். தனித்திருப்போர் பட்டியலைக் கோயில் நிர்வாகங்கள் தரட்டும். இவற்றையெல்லாம் செய்தாலும், வீட்டுரிமை இல்லாத தோட்டப்புற முதியோருக்கு வீடு தராமல், வீட்டிலேயே முதுமை என்று பேசுவதில் நேர்மை இல்லை.