மூன்று முறை வரும் நேசம்: 'அபூ பென் ஆதம்' கவிதையின் யாப்பு

ஆங்கிலக் கவிஞர் லீ ஹண்ட் (1784–1859) எழுதிய 'அபூ பென் ஆதம்', நம்மில் பலர் பள்ளி நாட்களிலேயே படித்த கவிதை. பல்க் நகரின் அரசுரிமையைத் துறந்தவராகப் போற்றப்படும் 8ஆம் நூற்றாண்டு இறைநேசர் இப்றாஹீம் இப்னு அத்ஹம் (ரஹ்) அவர்களே அதன் நாயகர். இறைவனை நேசிப்பதினும் மனிதரை நேசிப்பதே மேல் என்பது அதன் கருத்தாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. கவிதையின் யாப்பு இதற்கு இடந்தருகிறதா?

பதினெட்டு அடிகள்; ஈரடிக்கு ஓர் இயைபாக ஒன்பது இணைகள். அடிதோறும், மெலிந்த அசையும் அழுந்திய அசையும் இணைந்த ஐந்து சீர்கள். 18ஆம் நூற்றாண்டில் போப்பின் கையில் இவ்வீரடி பெரும்பாலும் இணைதோறும் பொருள் முற்றி நின்றது. ஹண்ட் அக்கட்டைத் தளர்த்தினார். 1816இல் வெளிவந்த 'ரிமினியின் கதை'யிலேயே இதனைக் காணலாம்.

இக்கவிதையில் வானவரும் அபூவும் உரையாடும்போது வாக்கியங்கள் அடிநடுவில் முடிகின்றன. அடுத்த அடிக்குள் வழிந்தோடுகின்றன. இயைபு அடங்கி, பேச்சே செவியில் விழுகிறது. வானவரின் மறுப்பு முடியும் சொல்லுக்கு, அபூவின் குரல் தாழ்வதைச் சொல்லும் சொல்லே இயைபாகிறது. மறுப்பையும் பணிவையும் ஓசை பிணைத்துவிடுகிறது. இறுதி ஈரடியிலோ ஒவ்வோர் அடியும் தீர்ப்புரை போல் முற்றி நிற்கிறது.

மீண்டும் வரும் சொற்களைக் கவனிப்போம். 'எழுது' என்னும் வினை நான்கு முறையும், 'நேசம்' மூன்று முறையும் வருகின்றன. முதலில், வானவர் எழுதுவது இறைவனை நேசிப்போர் பெயர்கள். அடுத்து, சக மனிதரை நேசிப்பவனாகத் தன்னை எழுதும்படி அபூ வேண்டுகிறார். மறுநாள் இரவு காட்டப்படுவதோ இறைநேசத்தால் அருள்பெற்றோர் பெயர்கள். முன்னிரு இடங்களில் வினையாக நின்ற சொல் இங்கே பெயராகிறது. அது இறைவன்மீது மனிதன் கொண்ட நேசமா, மனிதன்மீது இறைவன் கொண்ட நேசமா? தொடர் இரண்டிற்கும் இடந்தருகிறது. மனிதநேசம் இறைநேசத்தை அகற்றவில்லை, அதற்குள் சேர்க்கப்படுகிறது.

பரீதுத்தீன் அத்தார் (ரஹ்) அவர்களின் 'தத்கிரத்துல் அவ்லியா'விலும் இந்நிகழ்ச்சி உண்டு. அங்கே இப்றாஹீம் (ரஹ்) தம்மை இறைநேசர்களின் நேசராகவே சொல்லிக்கொள்கிறார். 1697இல் வெளிவந்த தெர்பெலோவின் பிரெஞ்சுத் தொகுப்பின் வழியே கதையைப் பெற்ற ஹண்ட், இறைநேசர்கள் நின்ற இடத்தில் மனிதர்களை வைத்தார். பொதுக்கருத்துக்கு வித்து இம்மாற்றமே.

லண்டன் கென்சல் கிரீனில் ஹண்டின் கல்லறையில் பொறிக்கப்பட்டிருப்பதும் அபூவின் அவ்வேண்டுகோளே. கல் இரண்டாவது நேசத்தோடு நின்றுவிட்டது. கவிதை மூன்றாவதில் நிறைவடைகிறது.